ஆச்சியின் காதை ப்ரோச்சாகச் செய்கிறேன்: நகை, போட்டோ, பாப் ஆர்ட் சேரும் இடத்தில் யாரையெல்லாம் பார்க்க வேண்டும்?

தாமிரத்தகடு (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். டிசைன் கல்லூரியில் நகைப் பிரிவில் கடைசி வருடம் படிக்கிறேன். ஊர் தென்காசிப் பக்கம். அப்பா நகைப் பட்டறை வைத்திருக்கிறார். தாத்தாவுக்கும் அதே வேலைதான்.

போன வருடம் ஆச்சி தவறிவிட்டார். எங்கள் தெருவில் கடைசி வரை பாம்படம் போட்டிருந்தவர் அவர் ஒருவர்தான். அவர் வயதுக்காரர்கள் பலர் வளர்த்த காதை அறுத்துத் தைத்துக்கொண்டு கம்மலுக்கு மாறிவிட்டார்கள். ஆச்சி மாட்டேன் என்றுவிட்டார். திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது பக்கவாட்டில் நான் எடுத்த ஒரு போட்டோ இருக்கிறது. அதில் முகம் தெரியாது, காது மட்டும்தான். தோளைத் தொடும் சதை, அதில் வரிசையாகத் தொங்கும் உருண்டையும் தகடும், பின்னால் நரைத்த கொண்டை.

அந்தப் படத்தைச் செம்புத் தகட்டில் ஏற்றி, ஐந்து ப்ரோச்சுகளாக, அதாவது துணியில் ஊசியால் குத்திக்கொள்ளும் நகைகளாக, செய்ய நினைக்கிறேன். கல்லூரியில் காட்டியபோது "இது நகையும் இல்லை, போட்டோவும் இல்லை" என்று சொல்லிவிட்டார்கள். அப்பா வேறு மாதிரி கேட்டார்: "ஆசைக்குச் செய்துக்கோ. ஆனா இதை யாரு போடுவா?"

இந்த இரண்டுக்கும் என்னிடம் பதில் இல்லை. புகைப்படத்தையும் நகையையும் சேர்த்து வேலை செய்தவர்கள் யார் யார்? பாப் ஆர்ட் (விளம்பரம், காமிக்ஸ், பிரபலங்களின் முகம் எல்லாம் கலைக்குள் வந்த பாணி) பக்கமிருந்து நகைக்கு வந்தவர்கள் உண்டா? முக்கியமாக, இப்போது மேலே வந்துகொண்டிருப்பவர்கள் யார்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மியூனிக்மழை

உன் கேள்வியைப் பார்த்ததும் வேலையை ஓரம் வைத்துவிட்டு எழுத உட்கார்ந்துவிட்டேன். இங்கே ஜெர்மனியில் மியூனிக்குக்கு வந்து பதினோரு வருடம் ஆகிறது. மார்ச் மாதம் வந்தால் ஒரு வாரம் முழுக்க நகைக் கண்காட்சிகள்தான் எனக்கு. 1959ல் ஹெர்பர்ட் ஹோஃப்மான் தொடங்கிய "ஷ்முக்" கண்காட்சி இன்னும் நடக்கிறது. ஷ்முக் என்றால் ஜெர்மனில் நகை, அவ்வளவுதான் பெயர். கைவினைச் சந்தைக்குள்ளேயே ஒரு பகுதி. ஒரு பக்கம் மர வேலைக்காரர்கள், சமையலறைக் கடைகள், அவற்றைத் தாண்டிப் போனால் கண்ணாடிப் பெட்டிகளில் ரப்பர், காகிதம், எலும்பு, பிளாஸ்டிக்கில் செய்த நகைகள்.

முதலில் உன் கல்லூரிக்கான பதில். போட்டோ வந்த காலத்திலேயே அது நகைக்குள் போய்விட்டது. 1839ல் டாகெரோடைப் என்ற பழைய போட்டோ முறை உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அடுத்த பத்து, இருபது ஆண்டுகளில் இறந்தவர்கள் படத்தை ப்ரோச்சில் வைத்து, பின்பக்கம் அவர்கள் முடியைப் பின்னி வைத்து அணிந்தார்கள். நம் ஊரில் படம் வைத்த லாக்கெட்டும், தலைவர் படம் பதித்த மோதிரமும் யாருக்குத் தெரியாது? புதிதாக நடந்தது வேறு ஒன்று. படம் நகைக்குள் உட்காராமல், படமே நகையானது.

அதற்கு நீ பார்க்க வேண்டியவர் கைஸ் பாக்கர், நெதர்லாந்துக்காரர், 1942ல் பிறந்தவர். 1977ல் அரசிகளின் ஓவியங்களிலிருந்து அவர்கள் கழுத்து நகையை மட்டும் போட்டோ எடுத்து வெட்டி, பிளாஸ்டிக்கில் லேமினேட் செய்து, உண்மையான கழுத்தில் மாட்டும்படி செய்தார். வைரம் கிடையாது, வைரத்தின் படம்தான். 1982ல் "பனித்துளி" என்று ஒன்று. பனித்துளி நிற்கும் ரோஜா இதழ்களின் போட்டோவைப் பெரிதாக்கி, அதையும் லேமினேட் செய்து, தோள் அகலத்துக்கு ஒரு கழுத்தணி. எடையே இல்லை.

அதற்கு முன்னால் 1973ல் அவர் செய்ததுதான் என்னை ஆட்டியது. மெல்லிய தங்கக் கம்பியைக் கையில் இறுக்கிக் கட்டி, கழற்றியதும் தோலில் விழும் தடம் இருக்கிறதே, அதைத்தான் நகை என்றார். பேர் "நிழல் நகை". அந்தத் தடம் கொஞ்ச நேரத்தில் மறைந்துவிடும், மிஞ்சுவது போட்டோ ஒன்றுதான். ஆச்சி காதில் எழுபது வருடம் தங்கம் போட்ட தடத்தை நீ போட்டோ எடுத்து வைத்திருக்கிறாய். நீ நிற்கும் இடம் அதுதான்.

அடுத்தது பெட்டினா ஷ்பெக்னர். உன் வேலைக்கு நேரான அக்கா என்றே சொல்வேன். 1962ல் பிறந்தவர், மியூனிக் அகாதமியில் படித்தவர். துத்தநாகத் தகட்டில் போட்டோவை அரித்து எடுத்து, அதன் மேல் கல் பதிப்பார். பழைய இரும்புத் தகட்டுப் போட்டோக்களை, யாரென்றே தெரியாத மனிதர்களின் முகங்களை, ப்ரோச் ஆக்குவார். சில நேரம் முகத்தின் மேலேயே கல் வந்து உட்காரும். நேரில் பார்த்தபோது தகட்டின் ஓரத்தை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பழைய தகட்டின் துரு அப்படியே இருந்தது, அதை அவர் தேய்த்து எடுக்கவில்லை.

கடைசியாக ஓட்டோ கூன்ஸ்லி. சுவிட்சர்லாந்துக்காரர், 1991 முதல் 2014 வரை மியூனிக் அகாதமியில் பேராசிரியர். 1980ல் கறுப்பு ரப்பர் குழாயால் ஒரு வளையல் செய்தார். ஓர் இடத்தில் மட்டும் கொஞ்சம் புடைத்திருக்கும். உள்ளே ஒரு தங்க உருண்டை. வேலையின் பெயர் "தங்கம் கண்ணை மறைக்கும்". தங்கத்தைப் பார்க்க வேண்டுமானால் ரப்பரை அறுக்க வேண்டும். அறுத்தால் வளையல் போச்சு.

பட்டறைமதுரை

அம்மா மியூனிக்மழை, எழுதியது எல்லாம் படித்தேன். எனக்கு வயது 58. பதிமூன்றில் பட்டடை முன்னால் உட்கார்ந்தவன். மனதில் பட்டதைச் சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

ரப்பருக்குள் தங்கம் என்று படித்ததும் எனக்குத் தண்டட்டி ஞாபகம் வந்தது. அது அப்படியே தலைகீழ். வெளியே தங்கத் தகடு, உள்ளே அரக்கு. பாம்படமும் அப்படித்தான். பெரிதாகத் தெரிய வேண்டும், காது தாங்க வேண்டும், கையில் இருக்கும் பவுன் கொஞ்சம். அதனால் தகட்டைக் காகிதம் போல அடித்து, வடிவம் எடுத்து, உள்ளே அரக்கு நிரப்புவார்கள். அந்த வடிவங்களைப் பாருங்கள். உருண்டை, கட்டம், கூம்பு. பூ கிடையாது, மயில் கிடையாது. யார் முதலில் யோசித்தானோ, அவன் பெரிய ஆள்.

இப்போது அதை விற்க வருகிறார்கள். நானே எத்தனையோ உருக்கியிருக்கிறேன். முதலில் சூடு காட்டினால் அரக்கு இளகி ஒழுகும். பட்டறை முழுக்க ஒரு வாடை, பழைய கோயில் மண்டபம் மாதிரி. அரக்கு போனபின் நிறுத்தால் கொண்டுவந்தவர்கள் முகம் சுண்டிவிடும். "இவ்வளவுதானா?" என்பார்கள். இவ்வளவுதான். அந்தத் தகட்டைத் தட்டியவன் கூலியை எந்தத் தராசும் காட்டாது. அதை உருக்கும் போதெல்லாம் எனக்கு வயிறு கலங்கும்.

ஆனால் பாப்பா, உன் அப்பா கேட்டது சரியான கேள்வி. நம் பெண்களுக்கு நகை அலங்காரம் மட்டும் இல்லை. ஆஸ்பத்திரிக்கு, பிள்ளை படிப்புக்கு, ராத்திரி எட்டு மணிக்கு அடகுக் கடைக்கு. செம்புத் தகட்டை வைத்து யார் கடன் கொடுப்பார்? வெளிநாட்டுக்காரருக்கு பேங்க் இருக்கிறது, இன்ஷூரன்ஸ் இருக்கிறது. அவர் தங்கத்தை ரப்பருக்குள் ஒளிக்கலாம்.

கல்பதிப்பு

ஐயா சொல்வது நூற்றுக்கு நூறு சரி. ஆனால் எல்லா நகையும் அந்த வேலையைச் செய்ய வேண்டியதில்லையே. நான் வெள்ளியும் பித்தளையும் வைத்து ஆன்லைனில் விற்கிறேன். என்னிடம் வாங்கும் பெண்கள் தங்கத்தை லாக்கரில் வைத்துவிட்டு, அலுவலகத்துக்கு என் கம்மலைப் போட்டுப் போகிறார்கள். ஒரு காலத்தில் கவரிங் போட்டால் தலைகுனிவு. இன்று யாரும் "தங்கமா?" என்று கேட்பதில்லை, "எங்கே வாங்கினாய்?" என்று கேட்கிறார்கள். கேள்வி மாறிவிட்டது.

தாமிரத்தகடு, பாப் ஆர்ட் கேட்டாயே. அது நம் ஊரில் ஏற்கெனவே நன்றாக ஓடுகிறது. நடிகர்கள் முகத்தைப் புள்ளி புள்ளியாக, மஞ்சள் பின்னணியில் போட்டு ரெசின் ஊற்றிய டாலர், காமிக்ஸ் பலூனில் தமிழ் வசனம் எழுதிய கம்மல், எல்லாம் சந்தைகளில் கிடைக்கும். கண்காட்சி மேசையில் அவைதான் முதலில் தீரும்.

பேனர்வீடு

கல்பதிப்பு அக்கா, இதில் நான் மாறுபடுகிறேன். நல்ல மனதோடுதான் சொல்கிறேன்.

என் அப்பா சினிமா பேனர் வரைந்தவர். 2000த்துக்கு அப்புறம் ஃப்ளெக்ஸ் வந்து அந்தத் தொழிலே போனது. சின்ன வயதில் நான் சாரத்தில் ஏறி அவருக்கு வண்ணக் குவளை கொடுத்திருக்கிறேன். நாற்பது அடி முகம். கையில் இருப்பது கட்டம் போட்ட ஒரு சின்ன ஸ்டில். சாரத்தில் நிற்கும்போது முகம் தெரியாது. ஒரு உதடு மட்டும், அதுவும் பாதி, இளஞ்சிவப்பும் ஊதாவுமாக ஒரு வயல் போல இருக்கும். இறங்கி ரோட்டைத் தாண்டிப் போய்ப் பார்த்தால்தான் அது சிரிப்பு.

ஜேம்ஸ் ரோசன்குவிஸ்ட் என்ற அமெரிக்கர் செய்ததும் இதே வேலை. 1950களின் கடைசியில் நியூயார்க்கில் விளம்பரப் பலகை வரைந்து பிழைத்தார். சாரத்தில் நின்று பார்த்த அந்த நெருக்கத்தைத்தான் கேன்வாஸுக்குக் கொண்டுபோனார். 1964, 65ல் அவர் வரைந்த "எஃப்-111" 86 அடி நீளம். போர் விமானத்தின் உடம்புக்குள் ஸ்பகெட்டி, டயர், முடி உலர்த்தும் கருவிக்கு அடியில் சிரிக்கும் ஒரு சின்னப் பெண். வியட்நாம் போர் நடந்த நேரம் அது. கடைத்தெரு மொழியிலேயே பேசி, அந்தக் கடைத்தெருவைக் கேள்வி கேட்டார். பாப் ஆர்ட் என்றால் எனக்கு அது.

புள்ளியும் மஞ்சள் பின்னணியும் அதன் சட்டை மட்டும்தான். நடிகர் முகத்தை ரெசினில் ஊற்றினால் அது ரசிகர் பொருள். ரசிகர் பொருள் மட்டம் என்று சொல்லவில்லை, எங்கள் வீட்டில் சோறு பொங்கியதே அதில்தான். ஆனால் தங்கச்சி ஒரு பட்டத்துக்காக வேலை செய்கிறாள், அவளுக்கு இந்த வித்தியாசம் தெரிய வேண்டும்.

நகையில் அப்படி நிஜமாகச் செய்தவர் ஜே. ஃப்ரெட் வோல், அமெரிக்கர், 2015ல் இறந்தார். 1966ல் "நல்லவர்கள்" என்று ஒரு பதக்கம். மரம், இரும்பு, செம்பு, பிளாஸ்டிக், கொஞ்சம் வெள்ளி. அதற்குள் சூப்பர்மேன், டிக் ட்ரேசி, லிட்டில் ஆர்ஃபன் ஆனி, இந்த மூன்று காமிக்ஸ் ஆட்களும் புனிதர்கள் மாதிரி வீற்றிருப்பார்கள். போர் வீரனின் மெடலைப் போலவும் இருக்கும், தேவாலயச் சின்னத்தைப் போலவும் இருக்கும். பாப் ஓவியர் ராய் லிக்டன்ஸ்டைனும் 1968ல் எனாமலில் "நவீனத் தலை" என்று ஒரு ப்ரோச் செய்தார். அழகுதான். ஆனால் அது ஓர் ஓவியர் தன் படத்தைச் சட்டையில் குத்திக்கொள்ளக் கொடுத்தது. வோல் செய்ததுதான் நகைக்காரன் செய்த பாப்.

கல்பதிப்பு

தம்பி, ரோசன்குவிஸ்ட் எனக்குப் புதிது. தேடிப் பார்த்தேன். நீங்கள் சொல்லும் வித்தியாசம் புரிகிறது. ஆனால் ஒன்று: என் மேசையில் அந்த டாலரை வாங்கிப் போகும் பெண்ணுக்கு அந்த முகத்தோடு ஒரு வாழ்க்கை இருக்கிறது. அவள் அம்மாவோடு பார்த்த படம், விட்டுப்போன ஊர். அதையும் வெளித்தள்ளிவிடாதீர்கள்.

பேனர்வீடு

அக்கா, அது நிஜம். தள்ளவில்லை.

இருட்டறை

இந்த இழையில் போட்டோக்காரன் ஒருவன் வர வேண்டும் என்று வந்தேன். இரண்டு பேரைச் சொல்ல வேண்டும். இருவரும் நகை செய்பவர்கள் இல்லை. ஆனால் உடம்பில் ஒரு பொருள் ஏறினால் என்ன ஆகிறது என்பதை இவர்கள் அளவுக்குக் காட்டியவர்கள் குறைவு.

ஹசன் ஹஜ்ஜாஜ். மொராக்கோவில் பிறந்து லண்டனில் வளர்ந்தவர். தெருவில் ஆட்களை நிற்க வைத்து எடுப்பார். உடை, பின்னணிப் பாய் எல்லாம் அவரே தயார் செய்தது. படத்தைச் சுற்றியுள்ள சட்டகத்தில் வரிசையாக சோடா கேன், உணவு டின், எல்லாம் அரபு எழுத்தோடு. மளிகைக் கடை அலமாரி மாதிரி ஒரு சட்டகம். மரக்கேஷ் பெண்கள் முகத்திரையோடு மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்திருக்கும் வரிசை அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது. அந்தச் சட்டகங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சிவகாசி ஞாபகம்தான். தீப்பெட்டி லேபிள், பட்டாசு டப்பா, தினசரிக் காலண்டர். அவ்வளவு வண்ணம் நம் கையில் கிடக்கிறது.

இன்னொருவர் தென்னாப்பிரிக்காவின் ஜனேலே முஹோலி. 2012ல் தொடங்கிய தற்படங்கள். 2015ல் எடுத்த ஒன்றில் தலையைச் சுற்றியும் காதிலும் துணி மாட்டும் கிளிப்புகள், அரசியின் கிரீடமும் கம்மலும் போல. படத்தின் பெயர் "பெஸ்டர்", அவருடைய அம்மாவின் பெயர். அந்த அம்மா பிறர் வீட்டில் பல பத்தாண்டுகள் வேலை செய்தவர். வேறு விளக்கமே வேண்டாம்.

நம் பக்கத்திலும் பாருங்கள். வாடிப்பட்டிக்காரர் ஜெய்சிங் நாகேஸ்வரன். ஊரடங்கு நேரத்தில் ஊருக்குத் திரும்பி, தன் வீட்டையும் தன் குடும்பத்தையும் எடுத்த படங்கள் உலகம் சுற்றின. சாதி ஒடுக்குமுறையை வெளியிலிருந்து எடுத்த படங்கள் நிறைய உண்டு. இவர் படங்கள் வீட்டுக்குள்ளிருந்து எடுத்தவை. அதுவும் பாட்டி, அத்தை, பிள்ளைகள் என்று. உன் திண்ணைப் படத்துக்கு அவர் வேலை நெருங்கிய சொந்தம்.

அப்புறம், கல்பதிப்பு அக்காவுக்கு ஓர் எச்சரிக்கை. நடிகர் ஸ்டில்லை எடுத்துப் போடும்போது போட்டோ எடுத்தவரை மறந்துவிடுகிறோம். பாப் ஓவியர் ஆண்டி வார்ஹால் வழக்கைப் பாருங்கள். பாடகர் பிரின்ஸை 1981ல் லின் கோல்ட்ஸ்மித் எடுத்தார். 1984ல் ஒரே ஒரு முறை பயன்படுத்த 400 டாலருக்கு உரிமம் கொடுத்தார். வார்ஹால் அதிலிருந்து ஒரு படவரிசையே செய்துவிட்டார். பிரின்ஸ் இறந்த 2016ல் அதில் ஒன்றை ஒரு பத்திரிகை அட்டையில் போட வார்ஹால் அறக்கட்டளைக்கு 10,000 டாலர் போனது, போட்டோ எடுத்தவருக்கு ஒரு காசும் இல்லை. 2023 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 7-க்கு 2 என்று கோல்ட்ஸ்மித் பக்கம் தீர்ப்புச் சொன்னது. கோல்ட்ஸ்மித் என்றால் பொற்கொல்லர். பட்டறை ஐயாவுக்கு அந்தப் பெயர் பிடிக்கும்.

தாமிரத்தகடு

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. பட்டறை ஐயா எழுதிய அரக்கு வாடையை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். ஒன்றும் சொல்லவில்லை, எழுந்து போய்விட்டார்.

ஒரு வேலைச் சந்தேகம். படத்தைத் தகட்டில் எப்படி ஏற்றுவது? சாம்பல் நிறங்கள் எல்லாம் செம்பில் வருமா?

இருட்டறை

வராது. அமிலத்துக்குத் தெரிந்தது இரண்டே சொல்: அரி, விடு. சாம்பல் என்று ஒன்று அதற்குக் கிடையாது. அதனால் படத்தைப் புள்ளிகளாக உடைக்க வேண்டும். நிழல் உள்ள இடத்தில் பெரிய புள்ளி, வெளிச்சத்தில் சின்னப் புள்ளி. செய்தித்தாளில் படம் அச்சாகும் முறை. லிக்டன்ஸ்டைன் பெரிதாக்கி வரைந்த புள்ளிகளும் மலிவான அச்சின் புள்ளிகளே. போட்டோ உலோகத்துக்குள் போக வேண்டுமானால் அந்தப் புள்ளி வழியாகத்தான் போக வேண்டும். நீ கேட்ட மூன்றும் சேரும் இடம் அது. புள்ளியை ஒளிக்காதே, கண்ணுக்குத் தெரிகிற அளவில் வை.

எளிய வழி: லேசர் பிரிண்டரில் வழவழப்பான காகிதத்தில் அச்செடு. இங்க்ஜெட் ஆகாது, டோனர் வேண்டும். தகட்டைப் பாத்திரம் துலக்கும் பொடி போட்டு, தண்ணீர் திரளாமல் பரவி நிற்கும்வரை தேய். விரல் படக் கூடாது. காகிதத்தைக் கவிழ்த்து வைத்து இஸ்திரிப் பெட்டியால் அழுத்து. தண்ணீரில் ஊறவைத்து காகிதத்தை உரித்தால் டோனர் தகட்டில் தங்கும். பின்பக்கத்தை டேப் ஒட்டி மறை. அப்புறம் ஃபெரிக் குளோரைடு. எலக்ட்ரானிக்ஸ் கடையில் சர்க்யூட் போர்டு செய்யக் கொடுப்பார்களே, அதே சரக்கு. சென்னையில் ரிச்சி தெருவில் கேட்டால் கிடைக்கும். பிளாஸ்டிக் தட்டில் மட்டும் ஊற்று. படம் உள்ள பக்கம் கீழே பார்த்தபடி மிதக்கவிடு, அரிபட்ட கசடு தானாகக் கீழே இறங்கும். கையுறை, கண்ணாடி, திறந்த ஜன்னல், மூன்றும் கட்டாயம். தீர்ந்த கரைசலைச் சாக்கடையில் ஊற்றிவிடாதே, அதில் செம்பு இருக்கிறது.

பட்டறைமதுரை

வெள்ளியில் இதைச் செய்யாதே பாப்பா. அந்தச் சரக்கு வெள்ளியை ஒழுங்காக அரிக்காது, மேலே ஒரு படலம் கட்டி நின்றுவிடும். செம்பு, பித்தளை சரி. ஊசியைப் பற்றவைப்பதென்றால் கறுப்பு ஏற்றும் முன்பே பற்றவைத்துவிடு. ஏற்றியபின் நெருப்புக் காட்டினால் கறுப்பெல்லாம் போய்விடும்.

மியூனிக்மழை

இளையவர்களைப் பற்றிக் கேட்டிருந்தாயே, அதைச் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

ஒரேலி கியோம், கனடாவின் மாண்ட்ரியால். எனாமல் வேலை. நம் மீனாகாரியின் சொந்தக்காரி. கம்பியால் அறை கட்டி, கண்ணாடித் தூளை நிரப்பி, சூளையில் 800 டிகிரி பக்கம் சுட்டெடுக்கும் பழைய முறை. அந்த முறையில் அவர் செய்வதெல்லாம் காமிக்ஸிலும் தெருச் சுவர் ஓவியத்திலும் இருந்து இறங்கி வந்த ஆட்கள். பெரிய கண், நீட்டிய நாக்கு, கத்தும் வண்ணங்கள். ப்ரோச்சைக் குத்திக்கொண்டால் நெஞ்சில் ஓர் ஆள் உட்கார்ந்து எதிரே வருபவரைப் பார்ப்பான். பாப்பும் கைத்திறனும் ஒன்றை ஒன்று விழுங்காமல் நிற்பது எப்படி என்று பார்க்க வேண்டுமென்றால் இவர்தான்.

அமெரிக்காவின் டெட்ராய்ட்டைச் சேர்ந்த டிஃப் மாஸி. க்ரான்புரூக் அகாதமியில் உலோக வேலையில் முதுகலை முடித்த முதல் கறுப்பினப் பெண். 2024ல் டெட்ராய்ட் கலை அருங்காட்சியகத்தில் பெரிய தனிக் கண்காட்சி வைத்தார். கறுப்பினச் சிறுமிகள் தலைமுடியில் போடும் கிளிப்பையும் உருண்டை வைத்த ரப்பர் பேண்டையும் சுவர் அளவுக்குப் பெரிதாக்கி, சிவப்பில் நிறுத்தினார். ஞாயிற்றுக்கிழமை அம்மா மடியில் உட்கார்ந்து தலை வாரிக்கொண்ட எல்லாப் பிள்ளைகளுக்கும் அது புரியும். உலோகம் கற்றவர், நகையின் கணக்கில் யோசிப்பவர், ஆனால் உடம்பு தாங்கும் அளவை விட்டு வெளியே வந்துவிட்டார். அதே ஊரில் லாரன் கால்மன். 2006ல் தன் நாக்கின் மேல் தங்க ரேக்கை ஒட்டி அதைப் போட்டோ எடுத்தார். பளபளப்பாகவும் இருக்கும், பார்க்கும்போது தொண்டையை அடைக்கவும் செய்யும்.

எங்கே காட்டுவது என்று அடுத்து கேட்பாய். படிப்பு முடித்தவர்களுக்கென்றே நெதர்லாந்தின் நைமேகனில் மார்சே கேலரி ஆண்டுதோறும் கண்காட்சி வைக்கிறது. மியூனிக் சந்தையில் ஷ்முக்குக்குப் பக்கத்திலேயே இளையோருக்கான "டாலென்டே" உண்டு. ஷ்முக்கில் ஒவ்வோர் ஆண்டும் ஒரே ஒருவர்தான் தேர்வாளர், ஆண்டுக்கு ஆண்டு ஆள் மாறுவார். ஒரு வருடம் உன்னைத் தள்ளியவர் அடுத்த வருடம் அந்த நாற்காலியில் இருக்க மாட்டார். விண்ணப்பத்துக்கு நல்ல போட்டோ வேண்டும், அதுவும் நகையை ஓர் ஆள் போட்டிருக்கும்போது எடுத்தது.

பட்டறை ஐயாவுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கூன்ஸ்லி 1985, 86ல் ஒரு சங்கிலி செய்தார். பத்திரிகையில் விளம்பரம் கொடுத்து, பழைய கல்யாண மோதிரங்களை விலைக்கு வாங்கினார். மொத்தம் 48. ஒவ்வொன்றையும் வெட்டி, அடுத்ததோடு கோர்த்து, மறுபடி பற்றவைத்தார். நல்ல தங்கம், அழகான சங்கிலி. ஆனால் அதைக் கழுத்தில் போட்டுப் பார்க்கவே பலருக்குத் தயக்கம்.

பட்டறைமதுரை

இரண்டு நாள் யோசித்துவிட்டு எழுதுகிறேன்.

அந்தச் சங்கிலியை நானும் போட மாட்டேன். என் வீட்டில் யாரையும் போடவிட மாட்டேன். அறுத்த தாலியைக் கொண்டுவருவார்கள். உருக்கச் சொல்லித்தான் கொண்டுவருவார்கள், வேறு எதற்கு. அதை வாங்கும்போது நான் தராசை உடனே எடுப்பதில்லை. ஒரு நிமிஷம் கையில் வைத்திருப்பேன். இது எனக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை.

48 பேர் கதை கழுத்தில் ஏறினால் கனக்கத்தான் செய்யும். அந்தக் கனம் கிராமில் வராது. அந்த மனிதர் அதைத்தான் நிறுத்துக் காட்டியிருக்கிறார் என்று இப்போது தோன்றுகிறது. அடகுக் கணக்கை நான் விடவில்லை, அது உண்மை. ஆனால் பாப்பா, நீ செய்.

கல்பதிப்பு

ஐயா, படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன்.

தாமிரத்தகடு

மூன்று வாரம் கழித்து வருகிறேன். நடந்ததைச் சொல்கிறேன்.

முதல் தகட்டை மாடியில் வைத்து அரித்தேன். ஐம்பது நிமிஷம் ஆனது. டோனரைத் துடைத்து, கறுப்பேற்றி, மேற்பரப்பைத் தேய்த்துப் பார்த்தால் ஆச்சி காது நெகட்டிவாக வந்திருக்கிறது. டோனர் காத்த இடம் மேடாக நின்று மினுங்குகிறது, அரிபட்ட பள்ளம் கறுத்துவிட்டது. அதாவது நிழலெல்லாம் வெளிச்சம், வெளிச்சமெல்லாம் நிழல். கொண்டை கறுப்பு, பாம்படம் கறுப்பு. படத்தை முதலிலேயே நெகட்டிவாக அச்செடுத்திருக்க வேண்டும். அன்று ராத்திரி அழுதேன்.

இரண்டாவது தகடு சரியாக வந்தது. புள்ளி ஒவ்வொன்றும் நகத்தால் தடவினால் தெரிகிறது. கொஞ்சம் தள்ளிப் பிடித்தால் காது, கிட்டே கொண்டுவந்தால் செம்புப் புள்ளிகள் மட்டும். பேனர்வீடு அண்ணன் சாரத்தில் நின்று பார்த்தது இப்படித்தான் இருந்திருக்கும் என்று நினைத்தேன். சாப்பிடும்போது அப்பா தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். கையைக் கழுவிவிட்டு வந்து எடுத்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"இது எந்தக் காது?"

"இடது காதுப்பா. திண்ணைல எடுத்தது."

"இல்லை. இது வலது காதா நிக்குது. முடிச்சுல ஒரு ஒடுக்கு இருக்கும், நான்தான் ரெண்டு தடவை தட்டி எடுத்தேன், போகல. அது இடது காதுல போடுறதுல மட்டும்தான் இருக்கும். இதுல வலது காதுக்குப் போயிருக்கு."

காகிதத்தைக் கவிழ்த்து இஸ்திரி போட்டதில் படம் இடம் வலமாக மாறிவிட்டது. நான் கவனிக்கவே இல்லை. ஒடுக்கு ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. போட்டோவை மொபைலில் பெரிதாக்கிப் பார்த்தோம். இருக்கிறது, இடது காதில், மிளகு அளவுக்கு.

மூன்றாவது தகட்டுக்கு அச்சு எடுக்கும்போது அப்பா கூட நின்றார். அரித்து முடித்ததும் தகட்டை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு போய்ப் பட்டடையில் வைத்தார். கறுப்பு இன்னும் ஏற்றவில்லை. ஊசியின் அடியில் வெங்காரம் தடவி, பொடி வைத்து, ஊதுகுழலை எடுத்தார். "ஊசியைக் குறுக்கே வைக்கணும், மேல இருந்து கீழ வெச்சா துணியில நிக்காது, தலை குப்புறக் கவுந்துடும்" என்றார்.

இன்னும் இரண்டு தகடு இருக்கிறது. நாளைக்கு அரிக்கிறேன். அம்மா முதலாவதைக் கேட்டிருக்கிறாள், நெகட்டிவாக வந்ததை.